குட்டைத் துப்பாக்கியின் வரவு செலவு

மேல்நிலை வகுப்பில் இயற்பியல் படித்தவர்கள் ஒரு துப்பாக்கிக் கணக்கையாவது போட்டிருப்பீர்கள். இத்தனை கிராம் நிறையுள்ள குண்டு இத்தனை மீட்டர் திசைவேகத்துடன் வெளியேறுகிறது. துப்பாக்கியின் பின்னியக்கத் திசைவேகம் என்ன? உந்த அழிவின்மை விதியை எழுதி, எண்களைப் பிரதியிட்டு, விடைக்கு அடிக்கோடு போட்டதும் மதிப்பெண் கிடைத்துவிடும். அந்தத் துப்பாக்கியை யார் பிடித்திருக்கிறார், எப்படிப் பிடித்திருக்கிறார், எந்த இடத்தில் நின்று பிடித்திருக்கிறார் என்று வினாத்தாள் கேட்பதில்லை. இந்த மாதம் அந்தக் கணக்கைக் கொஞ்சம் நீட்டிப் பார்ப்போம்.

அதற்கு எடுத்துக்கொண்ட பொருள், அமெரிக்காவில் 2017, 2018ஆம் ஆண்டுகளில் பரபரப்பாகச் சந்தைக்கு வந்த ஒரு வகைத் துப்பாக்கி: குட்டையானது, பம்ப் முறையில் இயங்குவது, கழற்றி மாட்டும் பெட்டியிலிருந்து தோட்டா ஊட்டப்படுவது. "வீட்டுப் பாதுகாப்புக்கும் சுடுதளப் பயிற்சிக்கும் ஏற்றது" என்ற அடைமொழியுடன்தான் இவை விற்கப்படுகின்றன. மதிப்புரை எழுதுவோரும் அந்த அடைமொழியை அப்படியே திருப்பிச் சொல்கிறார்கள். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் எவரும் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. ஆகவே வாங்கலாமா வேண்டாமா என்று சொல்ல இங்கே அவசியம் இல்லை. ஆனால் நம் மாணவர்கள் திரைப்படங்களிலும் கணிப்பொறி விளையாட்டுகளிலும் இவற்றை நாள்தோறும் பார்க்கிறார்கள். பார்த்ததை நம்பவும் செய்கிறார்கள். சொல்லப்படும் பெருமைகளை இயற்பியலின் தராசில் நிறுத்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியது.

முதலில் பொருளைத் தெரிந்துகொள்வோம்

"12 போர்" என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். அது மில்லிமீட்டரோ அங்குலமோ அன்று. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக உருட்டினால் ஓர் உருண்டையின் விட்டம் எவ்வளவோ, அதுவே குழலின் உள்விட்டம். நீங்களே சரிபார்க்கலாம். ஒரு பவுண்டு 453.6 கிராம், 12ஆல் வகுத்தால் 37.8 கிராம். ஈயத்தின் அடர்த்தி 11.34. எனவே பருமன் 3.33 கன செ.மீ. கோளத்தின் பருமன் வாய்பாட்டில் இட்டால் விட்டம் 1.85 செ.மீ. வருகிறது. 20 போருக்கு இதே கணக்கைச் செய்தால் 1.56 செ.மீ. எண் கூடினால் குழல் சிறுக்கும். புதிதாகக் கேட்பவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். காரணம் இப்போது விளங்கியிருக்கும்.

இந்தக் குழலிலிருந்து வழக்கமாக ஒற்றைக் குண்டு வெளிவருவதில்லை. ஒரு தோட்டாவுக்குள் பல ஈய ரவைகள் அடுக்கப்பட்டிருக்கும். வீட்டுப் பாதுகாப்புக்கென்று பெரிதும் பரிந்துரைக்கப்படும் தோட்டாவில் 8.4 மில்லிமீட்டர் விட்டமுள்ள 9 ரவைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ மூன்றரை கிராம். அவை குழலை விட்டு வெளியேறும் வேகம் வினாடிக்கு 400 மீட்டரளவு. இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; கட்டுரை முழுவதும் தேவைப்படும்.

பம்ப் என்பது என்ன? குழலுக்கு அடியில் உள்ள முன்பிடியைக் கையால் பின்னுக்கு இழுத்தால் சுட்ட தோட்டாவின் உறை வெளியே தெறிக்கும். முன்னுக்குத் தள்ளினால் புதிய தோட்டா அறைக்குள் நுழையும். கிறிஸ்டபர் ஸ்பென்சர் என்ற அமெரிக்கர் 1882இல் இத்தகைய துப்பாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1897 மாதிரி வின்செஸ்டர் துப்பாக்கி முதல் உலகப்போரில் பதுங்குகுழிச் சண்டைக்குப் போயிற்று. இது தேவையற்ற துன்பம் விளைவிக்கும் ஆயுதம் என்று ஜெர்மனி 1918இல் முறையிட்டது. அமெரிக்கா அதை ஏற்கவில்லை. நச்சுப்புகையை அவிழ்த்துவிட்ட போரில் எழுந்த முறையீடு அது! 1950இல் ரெமிங்டன் 870, 1961இல் மோஸ்பெர்க் 500 என்று இவ்வகைத் துப்பாக்கிகள் பெருகின.

பம்ப் முறையில் ஓர் உண்மையான சிறப்பு உண்டு. தானியங்கித் துப்பாக்கி தன் இயக்கத்துக்கு வேண்டிய ஆற்றலை வெடிவாயுவிலிருந்தோ பின்னுதைப்பிலிருந்தோ கடன் வாங்குகிறது. தோட்டா வலுவற்றதாக இருந்தால் கடன் போதாமல் இயந்திரம் நின்றுவிடும். பம்பிலோ அந்த ஆற்றலைத் தருவது மனிதக் கை. தோட்டா வலுவானதா மெலிந்ததா என்பதைப் பற்றி இயந்திரத்துக்குக் கவலை இல்லை. ஆனால் கைக்கு உரியவன் பதற்றத்தில் முன்பிடியை முழுத் தொலைவும் இழுக்காமல் பாதியில் திருப்பிவிட்டால் உறை வெளியேறாமல் சிக்கிக்கொள்ளும். இயந்திரத்தின் நம்பகம் மனிதனின் நம்பகத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

குழாயா, பெட்டியா?

பழைய மாதிரிகளில் தோட்டாக்கள் குழலுக்கு அடியிலுள்ள இன்னொரு குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். 2018இல் வந்த ரெமிங்டன் 870 டி.எம்., மோஸ்பெர்க் 590 எம். ஆகியவை குழாயை விட்டுவிட்டு, கழற்றக்கூடிய பெட்டிக்கு மாறின. இந்தப் பெட்டிக்கு மேகசின் என்று பெயர். நீங்கள் கையில் வைத்திருப்பதும் மேகசின்தான்! களஞ்சியம் என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து இரண்டும் பிறந்தன. ஒன்றில் வெடிமருந்தும் மற்றொன்றில் கட்டுரைகளும் சேமிக்கப்பட்டன.

ரெமிங்டனின் பெட்டி 6 தோட்டா கொள்வது. மோஸ்பெர்க் 5, 10, 15, 20 என்று நான்கு அளவுகளில் பெட்டி செய்தது. பெட்டிக்கு மாறியதற்குக் காரணம் எளிதில் விளங்கும். மடித்து மூடிய ஒரு தோட்டாவின் நீளம் ஏறத்தாழ 6 செ.மீ. குழாயில் 6 தோட்டா அடுக்க 36 செ.மீ. வேண்டும். குழலைக் குட்டையாக்கினால் அதனடியிலுள்ள குழாயும் குட்டையாகும். தோட்டாக்களின் எண்ணிக்கை குறையும். பெட்டியோ குழலின் நீளத்தைப் பற்றிக் கவலைப்படாது.

ஆனால் தோட்டாக்கள் எங்கோ இடம் பிடித்துத்தானே ஆகவேண்டும்? தோட்டாவின் தடிமன் 2 செ.மீ. ஒற்றை வரிசையில் ஆறு என்றால் 12 செ.மீ.; சுருள்வில்லும் அடித்தட்டும் சேர்ந்தால் இன்னும் அதிகம். இத்தனையும் துப்பாக்கியின் வயிற்றுக்குக் கீழே தொங்குகிறது. நீளத்தில் மிச்சப்படுத்தியதை ஆழத்தில் செலவழித்தாயிற்று. ஒரு தோட்டாவின் எடை 45 கிராம் என்று கொண்டால் 20 தோட்டாவுக்கு 900 கிராம். பெட்டியின் எடை தனி. இன்னொரு வேடிக்கையும் உண்டு. முன்பிடி சறுக்கி ஓடுவதற்கு ஒரு தண்டு வேண்டுமல்லவா? ஆகவே பழைய குழாயும் அங்கேயே இருக்கிறது, வெறுமையாக! பெட்டி வந்ததனால் எடை குறையவில்லை.

எடை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். ஆறு தோட்டாக்கள் குழாயில் கிடந்தால், பின்கையிலிருந்து அவற்றின் சராசரித் தொலைவு 35 செ.மீ. என்று கொள்வோம், பெட்டியில் இருந்தால் 15 செ.மீ. நிலைமத் திருப்புத்திறன் தொலைவின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், அந்தத் தோட்டாக்களின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் கீழாகக் குறைந்துவிடுகிறது. துப்பாக்கியைத் திருப்புவது எளிதாகும் என்று மதிப்புரைகள் இதைப் புகழ்கின்றன, உண்மைதான். ஆனால் சுடும்போது குழலின் வாயைப் பின்னுதைப்பு மேல்நோக்கித் திருப்பப் பார்க்கிறதே, அதுவும் அதே அளவு எளிதாகிவிடுகிறது. இயற்கைக்கு நம் விருப்பு வெறுப்பு தெரியாது.

இனி, மதிப்புரைகள் பெரும்பாலும் ஓரிரு வரிகளில் கடந்துவிடும் ஒரு செய்தி. என் பார்வையில் இதுவே பெட்டியைப் பற்றிய முதன்மையான குறை. தோட்டாவின் உறை பிளாஸ்டிக்காலான உருளை. உருளையை நீளவாக்கில் அழுத்துவதும் பக்கவாட்டில் அழுத்துவதும் ஒன்றா? ஒரு காலி பிளாஸ்டிக் பாட்டிலை மேசைமேல் நிறுத்தி உள்ளங்கையால் மேலிருந்து அழுத்திப் பாருங்கள், நன்றாகத் தாங்கும். அதையே படுக்கவைத்து அழுத்துங்கள், சப்பையாகும். குழாயில் சுருள்வில் தோட்டாக்களை நீளவாக்கில் தள்ளுகிறது. பெட்டியில் பக்கவாட்டில் நெருக்குகிறது. பத்து இருபது தோட்டாக்களை உயர்த்த வேண்டியிருப்பதால் வில்லும் வலுவாக இருக்கவேண்டும். நெடுநாள் ஒரே சுமையைத் தாங்கும் பிளாஸ்டிக் மெல்ல மெல்ல வடிவம் மாறும். பொருளறிவியலில் இதைத் தவழ்தல் என்பார்கள். வெப்பம் கூடினால் தவழ்தல் விரையும். வட்டமாக இருந்த உறை நாளடைவில் முட்டை வடிவமாகும். முட்டை வடிவத் தோட்டா வட்ட வடிவ அறைக்குள் மனமுவந்து நுழையாது.

போதாக்குறைக்கு இத்தோட்டாவின் அடியில் துருத்திய விளிம்பு ஒன்று உண்டு. பெட்டியில் அடுக்கும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளாதபடி பார்த்து அடுக்கவேண்டும். உலோக உறையும், துருத்தாத விளிம்பும், கூர்முனையும் கொண்ட ரைபிள் தோட்டாக்களுக்குப் பெட்டி மிகப் பொருத்தம். தட்டை முகமும் மென்மையான உடலும் கொண்ட இதற்கு அது இரவல் சட்டை.

இப்போது அந்த அடைமொழியைத் திரும்பப் பாருங்கள்: "வீட்டுக்கும் சுடுதளத்துக்கும்." சுடுதளத்துக்குப் போகிறவர் காலையில் பெட்டியை நிரப்பி மாலைக்குள் சுட்டுத் தீர்த்துவிடுகிறார். தவழ்தல் அவரைத் தொடுவதே இல்லை. சிக்கிக்கொண்டாலும் நிதானமாகச் சரிசெய்துகொள்ளலாம். வீட்டில் வைத்திருப்பவரோ நிரப்பிய பெட்டியை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் அலமாரியில் போட்டுவைக்கிறார். அவருக்கு அது ஒரே ஒரு முறை தேவைப்படலாம், அப்போது அது தவறக்கூடாது. இவை இரண்டும் வெவ்வேறு சோதனைகள். முதல் சோதனையில் கிடைத்த அளவீட்டை இரண்டாவதற்குச் சான்றாகக் காட்டுவது ஆய்வுக்கூடப் பதிவேட்டில் செல்லாது. நூறு தோட்டா ஒரே பிற்பகலில் சிக்கலின்றிச் சுட்டேன் என்று எழுதும் மதிப்புரையாளர், ஓராண்டு நிரப்பி வைத்திருந்த பெட்டியைப் பற்றி நமக்கு ஒன்றும் சொல்லவில்லை.

26 என்ற எண்

"குட்டை" என்பதற்கு வருவோம். 2017இல் வந்த மோஸ்பெர்க் 590 ஷாக்வேவ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. குழல் 14 அங்குலத்துக்குச் சற்று அதிகம். மொத்த நீளம் 26 அங்குலத்துக்குச் சற்று அதிகம். தோள்கட்டை கிடையாது; பறவைத் தலைபோல் வளைந்த ஒரு கைப்பிடி மட்டும். பெட்டியுள்ள மாதிரிகளும் இதே உருவில் வந்தன. ரெமிங்டன் அதே ஆண்டு டாக்-14 என்ற பெயரில் ஒன்று வெளியிட்டது.

அதென்ன 26 அங்குலம்? மனிதக் கையின் நீளமா, அறையின் அகலமா, ஏதாவது ஒத்ததிர்வா? ஒன்றுமில்லை. 1934இல் அமெரிக்கா இயற்றிய தேசியத் துப்பாக்கிச் சட்டம், 18 அங்குலத்துக்குக் குறைந்த குழலுடைய ரவைத் துப்பாக்கிகளைப் பதிவுக்கும் அந்நாளில் பெருந்தொகையாகிய 200 டாலர் வரிக்கும் உட்படுத்தியது. தோளில் வைத்துச் சுடுவதற்கென்று செய்யப்பட்டதே அச்சட்டத்தின் கண்ணில் ரவைத் துப்பாக்கி. பிறந்தது முதல் தோள்கட்டையே இல்லாமல், மொத்த நீளம் 26 அங்குலத்துக்கு மேல் இருந்தால், அது அந்த வரையறைக்குள் வராமல் நழுவிவிடுகிறது. கைப்பிடியின் வளைவு சற்று நீண்டிருப்பது அந்த அங்குலத்தை எட்டத்தான். ஆக, இந்தத் துப்பாக்கியின் உருவத்தைத் தீர்மானித்தது பொறியியல் அன்று, சட்ட நுணுக்கம். வழக்குரைஞர் அளவெடுத்துத் தைத்த சட்டை வீரனுக்குப் பொருந்துமா என்பதே கேள்வி.

பொருந்துகிறதா என்று கணக்கிடுவோம். ரவைகளின் மொத்த நிறை 31.5 கிராம், வேகம் 400. உந்தம் 12.6 கி.கி.மீ./வினாடி. ரவைகளைத் தள்ளிவரும் பிளாஸ்டிக் அடைப்பும் பீறிட்டு வெளியேறும் வாயுவும் தம் பங்கைச் சேர்க்க, மொத்தம் 15 எனக் கொள்ளலாம். தோள்கட்டையுடன் கூடிய முழுநீளத் துப்பாக்கி 3.2 கிலோகிராம் என்றால் அதன் பின்னியக்க வேகம் வினாடிக்கு 4.7 மீட்டர், ஆற்றல் 35 ஜூல். ஷாக்வேவின் நிறை 2.4 கிலோகிராம். வேகம் 6.2 மீட்டர், ஆற்றல் 47 ஜூல். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று: நம் காவலர்கள் பல பத்தாண்டுகள் தோளில் சுமந்த .303 ரைபிளின் நிறை ஏறத்தாழ 4 கிலோகிராம், அதன் 11.3 கிராம் குண்டு வினாடிக்கு 744 மீட்டரில் பறக்கும். அதன் பின்னுதைப்பு ஏறத்தாழ 17 ஜூல்தான். "தோளைப் பெயர்த்துவிடும்" என்று காவலர்கள் சலித்துக்கொண்ட அந்த உதைப்பைப்போல் இது ஏறக்குறைய மூன்று மடங்கு!

அந்த ரைபிளுக்காவது தோள் இருந்தது. தோள்கட்டை இருந்தால் உடலின் பெருநிறை உதைப்பில் பங்கேற்கிறது. கைப்பிடி மட்டும் இருந்தால் மணிக்கட்டுகளே அதை ஏற்கவேண்டும். 47 ஜூலை 10 செ.மீ. தொலைவுக்குள் நிறுத்துகிறோம் என்றால் சராசரி விசை 470 நியூட்டன். கிட்டத்தட்ட ஒரு சிமெண்டு மூட்டையின் எடை. அது வினாடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம் கையில் விழுகிறது. இளமையும் பயிற்சியும் உள்ளவர் தாங்குவார். வீட்டைக் காக்க வேண்டியிருப்பவர் அறுபது வயது மூதாட்டியாக இருந்தால்? மேலும், குழல் குட்டையானதால் முன்கை குழல்வாய்க்கு மிக நெருங்கிவிடுகிறது. கை நழுவி முன்னே போய்விடாதபடி முன்பிடியில் ஒரு வார்ப்பட்டை கட்டியே விற்கிறார்கள்! ஒரு பொருளின் குறை எது என்று அறிய விளம்பரத்தைப் படிக்கவேண்டாம். அதனுடன் சேர்த்து விற்கும் துணைக்கருவியைப் பார்த்தாலே போதும்.

குட்டைக் குழலால் வேகம் பெரிதும் குறைந்துவிடும் என்று சிலர் சொல்வது சரியன்று. நியாயமாக இதையும் சொல்லவேண்டும். இத்தோட்டாவின் உச்ச அழுத்தம் ஏறத்தாழ 780 வளிமண்டலம். அது குழலின் தொடக்கத்திலேயே எட்டப்பட்டு, பின்னர் விரைவாக வீழ்கிறது. கடைசி நான்கு அங்குலத்தை வெட்டினால் போவது சில சதவீத வேகமே.

திரைப்படமும் உண்மையும்

திரையில் பார்த்திருப்பீர்கள்: சுட்டவுடன் வில்லன் கால் தரையில் படாமல் பறந்து, கண்ணாடிக் கதவை உடைத்துக்கொண்டு வெளியே விழுவான். ரவைகளின் உந்தம் 12.6 என்று கண்டோம். வில்லன் 70 கிலோகிராம். ரவைகள் எல்லாம் அவன் உடலிலேயே தங்கினாலும் அவன் பெறும் வேகம் வினாடிக்கு 18 செ.மீ. குழந்தை தவழும் வேகம்! வில்லன் பறப்பது உண்மையானால், நியூட்டனின் மூன்றாம் விதிப்படி சுட்ட கதாநாயகனும் எதிர்த்திசையில் பறந்திருக்க வேண்டும். வாயுவின் பங்கும் சேர்வதால் சற்று அதிகமாகவே பறந்திருக்க வேண்டும். காயம் விளைவிப்பது உந்தமன்று. ஒவ்வொரு ரவையும் சுமந்து செல்லும் 280 ஜூல் இயக்க ஆற்றல் மிகச் சிறிய பரப்பில் செலவாவதே காரணம்.

இதைவிட ஆபத்தான இன்னொரு நம்பிக்கை உண்டு: "ரவை பரவுகிறது, ஆகவே குறிபார்க்க வேண்டியதில்லை, அந்தப் பக்கமாகத் திருப்பினால் போதும்." நெருக்கமில்லாத வாயுடைய குழலில் ரவைக்கூட்டம் ஒரு கஜத்துக்கு ஓர் அங்குலம் விரியும் என்பது சுடுவோரிடையே வழங்கும் கைக்கணக்கு. அதாவது 36க்கு 1. இதன்படி 5 மீட்டர் நீளமுள்ள அறையின் மறுகோடியில் கூட்டத்தின் விட்டம் 14 செ.மீ. நடைவழியில் 3 மீட்டரில் 8 செ.மீ., உள்ளங்கை அகலம். இன்றைய சில தோட்டாக்களில் அடைப்பு ரவைகளை நெடுந்தூரம் பொத்திச் செல்வதால் விரிவு இதிலும் குறைவு. குழல் குட்டையானால் விரிவு கூடும் என்பதும் பொய். விரிவைத் தீர்மானிப்பவை வாயின் நெருக்கமும் அடைப்பும்தாம்.

மறுபுறம், குறியில் ஒரு பாகை தவறினால் 5 மீட்டரில் 9 செ.மீ. விலகும், மூன்று பாகை தவறினால் 26 செ.மீ. ரவைக்கூட்டத்தின் ஆரமோ 7 செ.மீ.தான். கண்ணுக்கு நேராகக் கொண்டுவந்து தோளில் பதிக்க முடியாத ஒன்றை, இருட்டில், நடுங்கும் கையுடன் பிடித்திருப்பவருக்கு மூன்று பாகை ஒரு பொருட்டா? குறிபார்க்க வேண்டாம் என்று சொல்லப்படும் கருவியையே குறிபார்க்கக் கடினமான உருவில் செய்திருக்கிறார்கள். என் முதன்மையான மறுப்பு இதுதான்.

தவறிய ரவைகள் எங்கே போகும்? நம்மூர் ஒன்பது அங்குலச் செங்கற்சுவரை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் படிக்காதீர்கள். அமெரிக்க வீடுகளின் உட்சுவர் பெரும்பாலும் மரச்சட்டத்தின் இருபுறமும் அறைந்த 13 மில்லிமீட்டர் ஜிப்சம் பலகை. இந்த ரவைகளுக்கு அது ஒரு தடையே அன்று. ஒரு சுவரை மட்டுமல்ல, அடுத்தடுத்துப் பல சுவர்களையும் துளைத்துச் செல்லும். சுவருக்கு அப்பால் தூங்குவது பெரும்பாலும் சுடுபவரின் பிள்ளைகள். பத்துத் தோட்டாப் பெட்டி என்றால் 90 ரவைகள்; பெட்டியின் கொள்ளளவைப் பெருமையாகச் சொல்வோர் இந்தப் பெருக்கலையும் சொல்லவேண்டும். பம்பை இழுக்கும் ஓசையே திருடனை ஓட்டிவிடும் என்பாரும் உண்டு. அது நம்பிக்கை, அளவீடன்று.

பெட்டியின் நல்ல பக்கம்

குறைகளையே சொல்லிக்கொண்டிருந்தால் திறனாய்வு ஆகாது. குழாயிலிருந்து தோட்டாக்களை வெளியேற்ற, பழைய மாதிரிகள் பலவற்றில் ஒவ்வொன்றாக அறைக்குள் ஏற்றி இறக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் விபத்துக்கு ஒரு வாய்ப்பு. பெட்டியை ஒரே இழுப்பில் கழற்றிவிடலாம். அறையில் ஒன்று மிச்சமிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். வெவ்வேறு வகைத் தோட்டாக்களை வெவ்வேறு பெட்டிகளில் பிரித்து வைக்கலாம். சுடுதளத்தில் இவை பெரிய வசதிகள். எல்லாவற்றையும்விட, துப்பாக்கியை ஓரிடத்திலும் பெட்டியை வேறோரிடத்திலும் பூட்டிவைக்க முடிகிறது.

இது சிறிய செய்தி அன்று. அமெரிக்காவில் 2021ஆம் ஆண்டில் துப்பாக்கியால் இறந்தவர் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர், அதாவது பாதிக்கு மேற்பட்டோர், தற்கொலை செய்துகொண்டவர்கள். துப்பாக்கி உள்ள வீட்டுக்கு ஆபத்து எப்போதும் சன்னல் வழியாக வருவதில்லை. கைக்கும் தோட்டாவுக்கும் இடையே இரண்டு பூட்டுகளும் சில நிமிடங்களும் இருந்தால் மனம் மாறப் பொழுது கிடைக்கும். ஆனால் விளம்பரத்தில் இந்தச் சிறப்பு பெரிதாகப் பேசப்படுவதில்லை. பேசினால் "படுக்கையருகே எப்போதும் தயார்" என்ற இன்னொரு பெருமை அடிபட்டுப் போகும்.

சட்டம் இடங்கொடுக்கும் நாட்டில் வாழும் ஒருவர் என்னிடம் கேட்டால், குட்டையானதை விட்டுத் தோள்கட்டையுள்ள முழு நீளத்தையே சொல்வேன். அதிலும் உதைப்புக் குறைந்த தோட்டாவை. வேகம் 400இலிருந்து 350 ஆகக் குறைந்தால் மொத்த உந்தம் 13 ஆகும், 3.2 கிலோகிராம் துப்பாக்கியில் உதைப்பு 26 ஜூல். ஷாக்வேவின் 47உடன் ஒப்பிட்டுப் பாருங்கள். சந்தைக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை. 1950லேயே இதைச் செய்திருக்கலாம்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது: ஓசை. திடீர் ஓசைகளுக்குக் காது தாங்கும் எல்லை 140 டெசிபெல் என்று வகுத்திருக்கிறார்கள். 12 போர் துப்பாக்கியின் உச்ச ஓசை இதைத் தாண்டி 160ஐ நெருங்கக்கூடியது. இருபது டெசிபெல்தானே என்று எண்ணவேண்டாம். டெசிபெல் மடக்கை அளவு. 140இல் காற்றழுத்த மாறுபாடு 200 பாஸ்கல். 160இல் 2000 பாஸ்கல், பத்து மடங்கு. குழல் குட்டையானால் வாயு இன்னும் உயர்ந்த அழுத்தத்தோடு வெளியே வருகிறது. வாயும் காதுக்கு நெருங்குகிறது. திறந்த வெளியில் ஓசை பரந்துவிடும். மூடிய அறையில் சுவர்கள் அதைத் திருப்பி அனுப்பும். உட்காதின் மயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை.

இத்துப்பாக்கிகளைப் பற்றிய மதிப்புரைகளில் வரும் படங்களைக் கவனியுங்கள். வெயில் நிறைந்த சுடுதளம். சுடுபவரின் இரு காதுகளிலும் தடித்த காதுமூடிகள்; படம் பிடிப்பவரும் அணிந்திருப்பார். கீழே, இதை வீட்டில் நள்ளிரவில் பயன்படுத்துவதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கும். அந்த இரண்டு பக்கத்தில் காதுமூடி என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.